பச்சைன்னா எந்தப் பச்சை?

ராணுவ வண்டி என்ன கலர்னு யாரைக் கேட்டாலும் யோசிக்காம "பச்சை"ன்னு சொல்லிடுவாங்க. சரிங்க, எந்தப் பச்சை? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, இலைப்பச்சையா, ராமர் பச்சையா? இந்த ஒரு கேள்வியில தூக்கத்தைத் தொலைச்ச கூட்டம் ஒண்ணு உலகம் பூரா இருக்கு. அதுல அடியேனும் ஒருத்தன் :-)

புதுசா இந்தப் பக்கம் வந்தவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பகல் முழுக்க ஆபீஸ்ல பொட்டி தட்டுறது. ராத்திரி பத்து மணிக்கு மேல, வீட்டுல எல்லாரும் படுத்ததும், சாப்பாட்டு மேசையில பழைய பேப்பரை விரிச்சு பிளாஸ்டிக் டாங்கி ஒட்டுறது. 1/35 அளவு. அதாவது நிஜ வண்டியோட நீளத்தை 35ஆல வகுத்தா என்ன வருமோ அது. ஏழு மீட்டர் டாங்கி இருபது சென்டிமீட்டர்ல அடங்கிடும். பாகங்களை வெட்டி ஒட்டுறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை, பொறுமை இருந்தா போதும். கலர் அடிக்கிற இடத்துலதான் வில்லங்கமே.

டப்பாவுக்குள்ள வர்ற தாள்ல "இந்த நம்பர் பெயின்ட் அடி"ன்னு தெளிவாத்தான் போட்டிருப்பான். அந்த நம்பரையே வாங்கி, சொன்ன மாதிரியே அடிச்சு முடிச்சு மேசையில வெச்சுப் பாருங்க. நம்பர் சரியா இருக்கும். ஆனா வண்டி பொம்மை மாதிரி நிக்கும். இது ஏன்ங்கிறதைத்தான் இன்னிக்கு பேசப் போறோம். கொஞ்சம் நீளம், காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க.

நம்பர் பக்தி

எங்க கூட்டத்துல ஒரு பிரிவு உண்டு. அவங்களுக்கு நம்பர்தான் வேதம். பொறியியல் படிச்ச பாவத்துக்கு எனக்கும் அந்த மயக்கம் உண்டுதான். ஜெர்மனியில ரால்னு ஒரு வண்ண அட்டவணை இருக்கு. 1927ல 40 நிறங்களோட ஆரம்பிச்சது. ஒவ்வொரு நிறத்துக்கும் நாலு இலக்க நம்பர். டாங்கிக்கு கரும் சாம்பலா, ரால் 7021. பின்னாடி வந்த கரும் மஞ்சளா, ரால் 7028. ஹெக்ஸ் கோட் மாதிரி கச்சிதமா இருக்கில்ல?

ஆனா புடவை எடுக்கப் போனவங்களுக்குத் தெரியும். "எம்.எஸ். ப்ளூ காட்டுங்க"ன்னு பத்துக் கடையில கேட்டா பத்து நீலம் வரும். பத்துமே அசல் எம்.எஸ். ப்ளூன்னு சத்தியம் பண்ணுவாங்க. அமெரிக்க ராணுவத்தோட 'ஆலிவ் டிராப்'பும் அதே கதைதான். டாமியா ஒண்ணு விக்கிறான், ஹம்ப்ரால் ஒண்ணு, வயேஹோ ஒண்ணு. மூணையும் பக்கத்துல பக்கத்துல தடவினா ஒண்ணு பச்சை, ஒண்ணு பழுப்பு, ஒண்ணு ரெண்டுக்கும் நடுவுல.

நிஜ வண்டியில மட்டும் என்ன வாழ்ந்தது? ஜெர்மன்காரன் 1943 பிப்ரவரியில எல்லா வண்டிக்கும் கரும் மஞ்சளை அடிப்படை நிறமா ஆக்கினான். அது மேல போட வேண்டிய ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் கெட்டியான பசையா டின்ல அடைச்சு படைப் பிரிவுகளுக்குப் போச்சு. அதைக் கரைக்க பெட்ரோல் ஊத்தலாம், தண்ணியும் ஊத்தலாம். டாங்கி ஓட்டவே பெட்ரோல் இல்லாத சமயத்துல பெயின்ட் கரைக்க எத்தனை பேர் அதை ஊத்தியிருப்பான்? ஒருத்தன் கெட்டியா அடிச்சிருப்பான், பக்கத்து வண்டிக்காரன் தண்ணி மோர் பதத்துல அடிச்சிருப்பான். நம்பர் ஒண்ணுதான். வெளியில நிக்கிற நிறம் ரெண்டு.

பிரிட்டன் கதை இன்னும் சுவாரசியம். பச்சை பெயின்ட்டுக்கு குரோமியம் ஆக்சைடு வேணும். போர்க்காலத்துல அதுக்குத் தட்டுப்பாடு. என்ன பண்ணினாங்க? 1941-42 வாக்குல ராணுவ வண்டிக்கு அடிப்படை நிறத்தையே பழுப்புக்கு மாத்திட்டாங்க. அந்தப் பழுப்புக்கு எஸ்.சி.சி. 2ன்னு பேர். 1944லதான் எஸ்.சி.சி. 15ங்கிற ஆலிவ் நிறத்துக்கு வந்தாங்க. அமெரிக்க வண்டிகள் ஏகப்பட்டது கையில இருந்ததால அதோட ஒத்துப் போற நிறம். ஆக, "பிரிட்டிஷ் டாங்கி என்ன கலர்?"ங்கிற கேள்விக்கு பதில் சொல்லணும்னா, முதல்ல "எந்த வருஷம்?"னு திருப்பிக் கேட்கணும்.

போட்டோவை நம்பலாமா?

"அதான் போட்டோ இருக்கே, பார்த்து அடிக்க வேண்டியதுதானே?"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி.

1939ல போலந்துக்குள்ள புகுந்த ஜெர்மன் டாங்கிகளோட படங்கள் ஏராளம். எல்லாம் கருப்பு வெள்ளை. அதைப் பார்த்துப் பார்த்து பல பத்து வருஷமா மாடல் செய்யறவங்க எல்லாரும் அந்த வண்டிகளுக்கு முழுச் சாம்பல் அடிச்சாங்க. அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் காலத்து ஆணைகளைத் தோண்டி எடுத்தா, அதுல ரெண்டு நிறம் சொல்லியிருக்கு. மூணுல ரெண்டு பங்கு கரும் சாம்பல், ஒரு பங்கு கரும் பழுப்பு. 1940 ஜூலைக் கடைசியிலதான் "இனிமே சாம்பல் மட்டும் போதும்"னு ஆணை வருது. அதாவது போலந்துக்கும் பிரான்சுக்கும் போனது ரெட்டை நிற வண்டிகள்.

அப்ப போட்டோவுல பழுப்பு எங்க போச்சு? எங்கயும் போகலை, அங்கதான் இருக்கு. ரெண்டுமே அடர் நிறம். கருப்பு வெள்ளை ஃபிலிம்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலா விழுந்திருக்கு. அது மேல புழுதியும் படிஞ்சுட்டா சொல்லவே வேணாம். இது தெரிஞ்ச பிறகு அதே படங்களைக் கூர்ந்து பார்த்தா, சிலதுல அந்தத் திட்டுக்கள் லேசா தெரியும். அத்தனை வருஷமும் எல்லார் கண்ணு முன்னாடியும்தான் இருந்திருக்கு.

சரி, நேர்ல போய் டாங்கியைப் பார்க்கலாம்னா, ஊர் ஊருக்கு மேடை மேல நிக்கிற டாங்கிகள் வெயில்லயும் மழையிலயும் நிக்குது. துருப்பிடிக்காம இருக்க அப்பப்ப பெயின்ட் அடிச்சே ஆகணும். அது பாதுகாப்புக்கு அடிச்ச பெயின்ட். சண்டைக்குப் போன அன்னிக்கு அந்த வண்டி என்ன நிறத்துல இருந்துச்சுன்னு அதுக்கிட்ட கேட்கிறது நியாயமில்லை.

கடை வாசலுக்கு வாங்க

எங்க அம்மா தி.நகர்ல புடவை எடுக்கும்போது ஒரு காரியம் தவறாம பண்ணுவாங்க. பிடிச்ச புடவையைத் தூக்கிட்டு நேரா கடை வாசலுக்குப் போயிடுவாங்க. "உள்ள லைட்ல எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், வெளிச்சத்துல பார்த்தாத்தான் நிஜம்." நிறத்தைப் பத்தி எத்தனையோ கட்டுரை படிச்சிருக்கேன், இதைவிடச் சுருக்கமா யாரும் சொல்லலை.

நடுப்பகல் வெயில்ல ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம். நம்ம வீட்டுக் கூடத்துல ராத்திரி இருநூறு, முந்நூறு லக்ஸ் இருந்தா பெரிய விஷயம். முந்நூறு மடங்கு வித்தியாசம்! கண்ணு அதுக்கேத்த மாதிரி சரி பண்ணிக்கும், ஆனா முழுசா இல்லை. வெளிச்சம் குறையக் குறைய நிறம் மங்கும், மேடு பள்ள நிழல் வித்தியாசமும் குறையும். வெயில்ல நிக்கிற நிஜ டாங்கியோட அதே பெயின்ட்டை அதே டப்பாவுல இருந்து எடுத்து மாடலுக்கு அடிச்சாலும், கூடத்து வெளிச்சத்துல அது இருட்டா, செத்த மாதிரித்தான் தெரியும்.

இதுக்கு எங்க ஆளுங்க 'ஸ்கேல் எஃபெக்ட்'னு ஒரு மந்திரம் சொல்வாங்க. சின்ன மாடலைப் பார்க்கிறது தூரத்துல இருந்து நிஜத்தைப் பார்க்கிற மாதிரி, நடுவுல இருக்கிற காத்து நிறத்தை வெளிற வைக்கும், அதனால இத்தனை சதவீதம் வெள்ளை கலக்கணும்னு கணக்கு. கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போமே. 1/35 மாடலை ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர்ல இருந்து பார்த்தா, அது நிஜ வண்டியைப் பத்தரை மீட்டர்ல இருந்து பார்க்கிற மாதிரி. பத்தரை மீட்டர்னா தெருவுக்கு எதிர்ச் சாரி. எதிர் வீட்டு கேட் கலரை காத்து மாத்திடுமா என்ன? மலை நீலமாத் தெரியுறதுக்கு கிலோமீட்டர் கணக்குல தூரம் வேணும். ஆக, நிறத்தைக் கொஞ்சம் தூக்கணும்ங்கிறது சரி. காரணம் மட்டும் காத்து இல்லை, வெளிச்சம்.

இது வெறும் விதண்டாவாதம் இல்லை. காரணம் மாறினா மருந்தும் மாறும். காத்துதான் காரணம்னா வெள்ளை கலக்கலாம். வெளிச்சம் காரணம்னா வெள்ளை கூடாது. பச்சையில வெள்ளை விழுந்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளிறிடும், இருக்கிற நிறமும் போயிடும். ஆலிவ் பச்சைக்கு மஞ்சளோ சந்தன நிறமோ கலந்து தூக்கினா, வெளிச்சம் ஏறும், உயிரும் இருக்கும்.

சின்னத் தாத்தாவோட செஞ்சூரியன்

இவ்வளவு நேரம் வியாக்கியானம். இனி சொல்லப் போறது கொஞ்சம் வேற.

என் அம்மா வழி தாத்தாவோட தம்பி ராணுவத்துல இருந்தவர். வேலூர்ப் பக்கம் இது ஒண்ணும் அதிசயம் இல்லை, வீட்டுக்கு ஒருத்தர் போயிருப்பாங்க. 1971 சண்டையில சகர்கர் பகுதியில செஞ்சூரியன் டாங்கி ஓட்டினவர். தஃபேதாரா ரிடையர் ஆனார். அந்தச் சண்டையைப் பத்தி வீட்டுல அவர் பேசினதே இல்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்துல நான் செஞ்ச வண்டிகளோட படத்தை மொபைல்ல பார்த்துட்டு, "என் வண்டியைச் செய்வியாடா?"ன்னு கேட்டார்.

கேட்ட மனுஷனுக்கு எழுபத்தி ஏழு வயசு. ஏஎஃப்வி கிளப்போட செஞ்சூரியன் ஒண்ணு ஏற்கெனவே அலமாரியில தூங்கிட்டு இருந்துச்சு. ஒட்டி முடிச்சேன். கலர்? பிரிட்டிஷ்காரங்க அந்த டாங்கிக்கு போருக்கு அப்புறம் அடிச்சது டீப் பிரான்ஸ் க்ரீன், பி.எஸ். 381சி அட்டவணையில 224ஆம் நம்பர். கருப்புக்குப் பக்கத்துல நிக்கிற ஆழமான பச்சை. நம்மாளுங்க வண்டி அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத்தான் நேர்ல பார்த்த சாட்சியே இருக்கே! பிளாஸ்டிக் அட்டையில ஆறு பச்சை அடிச்சு, பின்னாடி நம்பர் எழுதி, எடுத்துக்கிட்டு ஊருக்குப் போனேன்.

திண்ணையில உட்கார்ந்து ஆறையும் பார்த்தார். மூணாவதை எடுத்தார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே வலது கண்ணைக் கையால மூடினார். அஞ்சாவதை எடுத்தார். வலது கண்ணுல புரை எடுத்தாச்சு. இடது கண்ணுல இன்னும் எடுக்கலை. புரை விழுந்த கண்ணுக்கு எல்லாம் மஞ்சள் கண்ணாடி வழியா பார்க்கிற மாதிரி. புரை எடுத்த கண்ணுக்கு நீலம் கூடுதலாத் தெரியும்.

"ரெண்டுல எது தாத்தா சரி?"

"ரெண்டும் இல்லடா. அன்னிக்குப் பார்த்த கண்ணு இது இல்லயே. அப்ப எனக்கு இருபத்தி மூணு வயசு."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அட்டைகளை எடுத்து வெச்சுட்டு, கலரை விட்டுட்டு, "வண்டி மேல என்னவெல்லாம் இருந்துச்சு தாத்தா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் நிறுத்தாம பேசினார்.

"பச்சையாவது ஒண்ணாவது. மொத நாளே சேறு பூசிட்டோம். காஞ்சா உதிரும், மறுபடி பூசுவோம். சக்கரத்துப் பக்கம் ஈரச் சேறு, மேல காஞ்ச மண்ணு. நான் ஏறி இறங்குற எடத்துல மட்டும் பூட்ஸ் பட்டு பட்டு பச்சை தெரியும். என் மூடிக்கு ஓரமா கை வெக்கிற எடத்துல இரும்பே தெரியும். பெட்ரோல் ஊத்துற வாய்க்குச் சுத்தி கருப்பா வழிஞ்சு நிக்கும், அதுல மண்ணு ஒட்டிக்கினு இருக்கும்."

டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கின சண்டை 17ஆம் தேதி நின்னுச்சு. அதுக்கு அப்புறம் ஒரு நாள் வண்டியைக் கழுவச் சொல்லி உத்தரவு வந்துச்சாம். கழுவக் கழுவ உள்ள இருந்து பச்சை வந்திருக்கு. வண்டியில நாலு பேர். அதுல குண்டு நிரப்புற லோடர் அவர் சிநேகிதர். சண்டைக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்த வண்டியைத் துடைப்பாங்களாம். கழுவும்போது அவர் இல்லை.

"அந்தப் பச்சையைப் பார்த்ததும் என்னால நிக்க முடியல. வாளியை அப்படியே வெச்சுட்டு அந்தாண்ட போயிட்டேன்."

அம்மாகூட இதைக் கேட்டது அன்னிக்குத்தான். கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருந்தோம். அப்புறம் அவரே சொன்னார். "நீ கழுவாத வண்டியாவே செய்யி."

செஞ்சேன். அடியில பச்சை அடிச்சேன், ஆறு அட்டையில எதுவும் இல்லை, மூணையும் அஞ்சையும் கலந்தது. அது மேல மண்ணு. நம்ம ஊர்க்காரனுக்கு மண்ணுன்னதும் கை தன்னால செம்மண் டப்பாவுக்குப் போகும். அது பஞ்சாப் பக்கத்து வண்டல் மண். காய்ஞ்சா சாம்பல் கலந்த வெளிர் பழுப்பு, ஈரமா இருந்தா அதையே ரெண்டு மடங்கு அடர்த்தியா நினைச்சுக்கணும். அவர் சொன்ன இடங்கள்ல மட்டும் பச்சையை விட்டேன். ஏறுற இடம், மூடி ஓரம், கை படுற கம்பி. மொத்த வண்டியில பச்சை பத்துல ஒரு பங்கு தெரிஞ்சா அதிகம். ராத்திரி கணக்குல சொன்னா, ஒட்டினது ரெண்டு வாரம், மண்ணு பூசினது ஒண்ணரை மாசம்.

கொண்டு போய்க் கொடுத்தப்ப அவர் கலரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. கண்ணாடியைக் கழட்டிட்டு, மூக்குக்குக் கிட்ட வெச்சுப் பார்த்தார். லோடர் மூடியைச் சுண்டு விரலால தொட்டார். இப்ப டி.வி. மேசையில சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கு. தூசி தட்ட வந்த அத்தையைத் திட்டினாராம், "அது தூசி இல்ல, அழுக்கு, அப்படியே இருக்கட்டும்"னு :-)

இப்ப நான் கலர் முடிவு பண்ற முறை

யாருக்காவது உதவும்னு எழுதி வைக்கிறேன்.

1. டப்பாவைப் பிரிக்கும்போதே ஒரு தேதியும் ஒரு ஊரும் எழுதி மேசையில ஒட்டிடுறது. "ஷெர்மன் டாங்கி" இல்லை. "1944 ஆகஸ்ட், பிரான்ஸ், மழை இல்லாத நாள்." இது முடிவாகாம பெயின்ட் டப்பாவைத் திறக்கிறதில்லை. பாதிச் சந்தேகம் இதுலயே தீர்ந்துடும்.

2. நம்பர் வேண்டாம்னு சொல்லலை. தொழிற்சாலையில இருந்து வந்த அன்னிக்கு வண்டி எப்படி இருந்துச்சுன்னு அது சொல்லும். அங்க இருந்துதான் தொடங்கணும். அங்கயே நின்னுடக் கூடாது.

3. அந்த ஊர் மண்ணு என்ன நிறம்னு தேடுறது. பெயின்ட் நிறத்தைத் தேடுற நேரத்துல பாதியாவது இதுக்குச் செலவு பண்ணலாம். பார்க்கிறவன் கண்ணுக்கு முதல்ல படுறது மண்ணுதான்.

4. வெளிநாட்டு பெயின்ட் கிடைக்கலைன்னா கவலை வேண்டாம். ஸ்டேஷனரி கடையில கேமல் அக்ரிலிக் யெல்லோ ஓக்கர் ஒண்ணு, கருப்பு ஒண்ணு. மஞ்சள்ல கருப்பைச் சொட்டுச் சொட்டா விட்டுக் கலக்குங்க. பச்சையே இல்லாம ஆலிவ் பச்சை வரும், நம்ப மாட்டீங்க! பிளாஸ்டிக்ல நேரா ஒட்டாது, முதல்ல பிரைமர் அடிச்சுக்கோங்க.

5. தூக்கணும்னா மஞ்சள் அல்லது சந்தன நிறம். வெள்ளை கடைசிபட்சம். ஒரே நிறத்தை மொத்தமா அடிக்காம, வெயில் படுற மேல்பக்கம் கொஞ்சம் வெளிர், அடிப்பக்கம் கொஞ்சம் அடர். பளபளப்பு கூடவே கூடாது, மேட் வார்னிஷ் கட்டாயம்.

6. முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை காலை வெளிச்சத்துல பால்கனியில, ஒரு தடவை எங்க வைக்கப் போறோமோ அந்த இடத்துல. ரெண்டு இடத்துலயும் பார்க்கணும். ரெண்டுல ஒண்ணுதான் தேறும்னா, வைக்கப் போற இடம்தான் ஜெயிக்கணும்.

அடுத்த டப்பா மேசைக்கு வந்தாச்சு. ஜெர்மன் பான்சர் 2. மேல ஒட்டின சீட்டுல "1939 செப்டம்பர், போலந்து, புழுதி"ன்னு எழுதியிருக்கேன். மூணுல ரெண்டு பங்கு சாம்பல், ஒரு பங்கு பழுப்பு. அடிச்சு முடிச்சு, கிட்ட வந்து பார்த்தாத்தான் ரெண்டு நிறம் இருக்கிறதே தெரியணும். அந்த அளவுக்கு புழுதி பூசணும். சனிக்கிழமை ஆணி கம்மி, ஆரம்பிச்சுட வேண்டியதுதான்.